பல்லை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள்

ஒரு காட்டில் கோடையிலும் வற்றாத குட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றில்தான் முதலையும் இருந்தது.

முதலை அங்கேயே பிறந்து வளர்ந்ததல்ல. ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றிலிருந்து அடித்துக்கொண்டு வந்தது. வெள்ளம் வடிந்த பிறகும், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த ஒன்றுவிட்ட மாமா மாதிரி, கிளம்புகிற பேச்சையே எடுக்கவில்லை. வந்த வாரம் ஒரு முயல் போயிற்று. அடுத்த வாரம் காட்டுப்பன்றிக் குட்டிகள் இரண்டு. அப்புறம் தண்ணீருக்குக் குனிந்த ஒரு மான், குனிந்தது குனிந்ததுதான்.

அந்தக் காட்டில் அஞ்சலை என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். ஊசி, சீப்பு என்று இரண்டு குட்டிகளுக்கு அம்மா. இரண்டும் தண்ணீரைக் கண்டால் நிற்காத ரகம். ஒன்றைக் காதைப் பிடித்து இழுத்து வந்தால், அதற்குள் மற்றது ஓடியிருக்கும். எத்தனை நாளைக்கு இழுத்துக்கொண்டே இருப்பது?

கோடை பிறந்த ஒரு நாள் அஞ்சலை உட்கார்ந்து யோசித்தாள். விழுந்து கிடந்த மருத மரத்திலிருந்து அகலமான பட்டை ஒன்றைப் பெயர்த்தாள். தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கினாள். செம்மண்ணைக் குழைத்தாள், கரியை இழைத்தாள். திறந்த வாய் ஒன்றைப் பெரிதாக வரைந்தாள். அதில் பல் பல்லாகப் போட்டாள். கீழே எழுதினாள்:

முதலை இருக்கு. போகாதே.

படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம். படம் புரியாதவர்களுக்கு எழுத்து. இரண்டும் புரியாதவர்களை ஏற்கெனவே முதலை தின்றுவிட்டிருந்தது.

பலகையைக் குட்டைக்குப் போகும் பாதையில் நட்டாள். அன்றிலிருந்து ஒரு உயிரும் குட்டைப் பக்கம் போகவில்லை. பாறை இடுக்கில் எலி வால் தடிமனுக்கு ஒழுகிய ஊற்றுத் தண்ணீரையே எல்லோரும் வரிசையில் நின்று குடித்தார்கள். வரிசை நீளம்தான், சண்டையும் உண்டுதான். ஆனால் நின்றவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். இப்படியே நாற்பது நாள் ஓடியது.

நாற்பத்தோராம் நாள்தான் வந்தான் குமரேசு.

குமரேசு ஒரு மைனா. காட்டின் வடிவமைப்பு, விளம்பர விருதுப் போட்டிக்குச் செயலாளர். போட்டியில் 'பொதுநலம்' என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அந்த வருஷம் அந்தப் பிரிவுக்கு ஒரு படைப்புகூட வரவில்லை. தலைமை நடுவரோ பொதுநலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தயாராகிவிட்டிருந்தார். படைப்பே இல்லாமல் எதைப் பார்த்துப் பேசுவார்? குமரேசு பறந்து பறந்து தேடினான். பாதையில் அஞ்சலையின் பலகை நின்றது.

"அடடா, இவ்வளவு நல்ல படைப்பை யாருமே அனுப்பாம விட்டுட்டாங்களே" என்று வருத்தப்பட்டான். நாலு காக்கைகளைக் கூப்பிட்டுப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனான். முறை தெரிந்தவன், அதனால் சும்மா போகவில்லை. ஒரு இலையில் ரசீது எழுதி, பலகை இருந்த குழியின் ஓரம் வைத்துவிட்டுத்தான் போனான்.

ரசீதை ஒரு சருகுமான் தின்றுவிட்டது.

காலையில் குட்டிகளோடு அந்தப் பக்கம் வந்த அஞ்சலைக்குக் குழிதான் தெரிந்தது. அதே நேரம் பாதையில் ஒரு புள்ளிமான் கூட்டம், பலகை போனதால் முதலையும் போய்விட்டதென்று நினைத்து, துள்ளிக்கொண்டு வந்தது. அஞ்சலை குறுக்கே பாய்ந்து முள்ளையெல்லாம் விரித்து, சலசலவென்று ஆட்டி நின்றாள். கூட்டம் மிரண்டு திரும்பிற்று.

"இங்க இருந்த பலகை எங்கடா?" என்று சருகுமானைக் கேட்டாள்.

"மைனா எடுத்துட்டுப் போச்சு அக்கா. இலையில எழுதி வெச்சிருந்துச்சு. நல்ல இலை. 'பெற்றுக்கொள்ளப்பட்டது'ங்கற இடம் மட்டும் கொஞ்சம் கசப்பு."

அஞ்சலை நிழலில் படுத்திருந்த எருமையிடம் ஓடினாள்.

"கருப்பாயிக்கா, நான் போயி பலகையை வாங்கிட்டு வந்துடறேன். அது வரைக்கும் பாதையை மறிச்சுப் படுத்துக்கறியா? உன்னைத் தாண்டி ஒருத்தரும் போக முடியாது."

"படுக்கறதுக்கு எனக்குச் சொல்லியா தரணும்?" என்றாள் கருப்பாயி. "ஆனா ஒண்ணு அஞ்சல. வெயில் உச்சிக்கு வந்துட்டா என் தோலு தாங்காது. நானே எந்திரிச்சுக் குட்டையில இறங்கிடுவேன். அப்ப முதலை கிதலைன்னு என்கிட்ட வராத."

"முதல்ல உன்னையத்தான் கடிக்கும்."

"கடிக்கட்டும். இந்த வேக்காட்டுல வேகறதுக்கு, குளுகுளுன்னு கடி வாங்கறது தேவலை."

வேறு வழியில்லை. கருப்பாயி பாதையில் படுத்தாள். ஊசியும் சீப்பும் அவள் வயிற்றோரம் உட்கார்ந்தன. "பெரியம்மா எந்திரிச்சா நீங்களும் பின்னாடியே போகக் கூடாது" என்று நாலு தரம் சொன்னாள் அஞ்சலை. இரண்டும் நாலு தரமும் தலையாட்டின. அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உச்சி வெயிலுக்குள் திரும்பியாக வேண்டும் என்று ஓடினாள்.

போட்டி மலைக்குகையில் நடந்தது. வாசலில் குமரேசு.

"டோக்கன் எடுத்தீங்களா?"

"டோக்கனெல்லாம் வேணாம் தம்பி. என் பலகையைக் குடு, போதும்."

"அது உங்க பலகையா! வாழ்த்துகள்மா. முதல் சுற்று தேறிடுச்சு."

"தேறினது இருக்கட்டும். உடனே கொண்டுபோய் நடணும். இல்லேன்னா ஆளைத் தின்னுடும்."

"போட்டிக்கு வந்ததைத் திருப்பி வாங்க விலகல் படிவம் எழுதணும். அதை அனுப்பினவங்கதான் எழுதணும்."

"நான் அனுப்பவே இல்லையே."

"அதாம்மா சிக்கல். அனுப்பாதவங்க விலக முடியாது."

"நீதானே எடுத்துட்டு வந்தே? நீ எழுது."

"நான் செயலாளர். செயலாளர் படைப்பு அனுப்பக் கூடாதுன்னு விதி இருக்கு. அதனால நானும் அனுப்பலை."

"அப்ப யாருதான் அனுப்பினது?"

குமரேசு வாசலைக் காட்டினான். "உள்ள போயி உக்காருங்க. தீர்ப்பு ஆனதும் தந்துடுவோம். பார்வையாளர் பேசக் கூடாது."

அஞ்சலை குகைவாசலைப் பார்த்தாள். பாறையின் நிழல் மூன்று அடி நீளம் இருந்தது. மூன்று அடியும் கரைவதற்குள் முடிய வேண்டும். உள்ளே போனாள்.

நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் மயிலார். எதைப் பார்த்தாலும் மூன்று அடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். இரண்டாவது வவ்வாலார். கூரையில் தொங்கியபடியே தீர்ப்புச் சொல்வார். மூன்றாவது ஆமையார். எதிலும் அவசரப்படாதவர் என்று நல்ல பெயர்.

இந்த ஆமையாருக்கு ஒரு கதை உண்டு. தன்னுடைய படைப்பு வரும்போது அந்த நடுவர் வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. மயிலார் தன் இறகு எண்ணெய் விளம்பரம் வந்தால் எழுந்து வெளியே போவார். வாசலில் நின்று தொண்டையை மட்டும் கனைப்பார். வவ்வாலாரும் பறந்து போவார். ஆமையாரும் நேர்மையாகக் கிளம்பிவிடுவார். ஆனால் அவர் வாசலை எட்டுவதற்குள் ஓட்டெடுப்பு முடிந்துவிடும். முகம் வாசலைப் பார்த்தபடியே ஒரு கையை மட்டும் தூக்குவார். வெளியே போய்க்கொண்டிருப்பவரைக் குறை சொல்ல முடியுமா? பதினோரு வருஷமாகப் பெரிய விருது ஆமையாருக்குத்தான்.

அஞ்சலையின் பலகையைச் சுவரில் சாத்தினார்கள். மயிலார் மூன்று அடி பின்னால் போனார். ஒரு கண்ணை மூடினார்.

"சொல்ல வந்ததை நேரடியாச் சொல்லியிருக்காங்க. அதுதான் குறை. பார்க்கறவங்க யோசிக்கக் கொஞ்சம் இடம் விடணும்."

"யோசிச்சு முடிக்கறதுக்குள்ள கால் போயிடுங்கய்யா" என்றாள் அஞ்சலை.

"பார்வையாளர் பேசக் கூடாது" என்றான் குமரேசு.

"ஆகா!" என்று கூரையிலிருந்து சத்தம் வந்தது. "செக்கச்செவேல்னு விடியல். வரிசையா வெள்ளை மலைங்க. என்ன ஒரு நம்பிக்கை!"

"அது பல்லுங்கய்யா. நீங்க தலைகீழாப் பாக்கறீங்க."

"பார்வையாளர்."

ஆமையார் கழுத்தை நீட்டினார். நீட்டி முடிக்கவே நேரமாயிற்று. "பலன் என்னன்னு சொல்லுங்க. இதைப் பார்த்துட்டு எத்தனை பேர் வந்தாங்க?"

குமரேசு படிவத்தைப் புரட்டினான். "ஒருத்தரும் வரலைங்க."

"ஒருத்தரும் வராத விளம்பரம். பத்துக்கு ரெண்டு."

"இருங்க, இருங்க" என்று மயிலார் தோகையைச் சிலிர்த்தார். "எல்லாரும் வா வான்னு கூப்பிடறப்ப, இவங்க மட்டும் வராதேன்னு சொல்லியிருக்காங்க. என்ன துணிச்சல்! பத்துக்கு ஒன்பதரை."

"விடியலுக்குப் பத்து" என்றார் வவ்வாலார்.

அஞ்சலை வாசலைப் பார்த்தாள். நிழல் ஒன்றரை அடி.

"விருது குடுங்க, குடுக்காமப் போங்க. பலகையை மட்டும் குடுங்க சாமி."

அப்போதுதான் குமரேசு இருமினான். "ஒரு சின்ன விஷயம். வாடிக்கையாளர் ஒப்புதல் கையெழுத்து இல்லை."

மூன்று நடுவர்களும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தொங்கியவர்கூட.

போன வருஷம் பட்ட அடி அப்படி. ஒரு கரடி, தேனீக்கள் கேட்காமலே தேனுக்கு ஒரு விளம்பரம் செய்து, அதை யார் கண்ணிலும் படாத ஒரு புதரில் ஒரே ஒரு நாள் மாட்டிவைத்து, போட்டிக்கு அனுப்பி, விருதும் வாங்கிவிட்டது. விழா அன்றைக்குத்தான் தேனீக்களுக்கு விஷயம் தெரிந்தது. எல்லாமாகச் சேர்ந்து விழாவுக்கே வந்துவிட்டன. ஒரு வாரம் நடுவர்கள் யாருக்கும் கண் திறக்கவில்லை. அன்றிலிருந்து, யாருடைய பொருளுக்கு விளம்பரமோ அவருடைய கையெழுத்து கட்டாயம்.

"பொருள் என்னன்னு எழுதியிருக்கு?" என்றார் மயிலார்.

"முதலை."

"அப்ப வாடிக்கையாளர்?"

குமரேசு படிவத்தையே பார்த்தான். கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைக் கண்டால் அவனுக்குக் கை நிற்காது. "அவர்தாங்க. முதலைதான்."

"அய்யோ, அது வாடிக்கையாளர் இல்லீங்க, அது வந்து..." என்று அஞ்சலை ஆரம்பித்தாள். வாசலில் நிழல் ஒரு சாண். பாதியில் வாயை மூடினாள். மூடிய வாயை வேறு மாதிரி திறந்தாள்.

"ஆமாங்க. முதலைதான். ரொம்பத் தங்கமான மனுசன். குட்டையிலதான் இருக்காரு. பலகையை எடுத்துட்டு நீங்க மூணு பேரும் நேர்ல வந்தா, நின்ன நிலையிலேயே கையெழுத்துப் போட்டுடுவாரு. ஆனா மத்தியானத்துக்கு மேல ஆளைப் பிடிக்க முடியாது. இப்பவே போயிடலாம்."

நடுவர்கள் இருக்கும் இடத்தில் படைப்பு இருக்கலாம் என்று விதி சொன்னது. எனவே கிளம்பினார்கள். மயிலார் பலகையைச் சுமக்க மாட்டார், தோகை அழுக்காகும். அஞ்சலையே முதுகில் செருகிக்கொண்டாள். ஆமையார் முதல் அடியை எடுத்து வைத்தார். இரண்டாவது அடிக்கு அஞ்சலை காத்திருக்கவில்லை.

"அய்யா, பெரியவங்க மன்னிச்சுக்கணும்" என்று சொல்லி அவரைப் பக்கவாட்டில் திருப்பி, சரிவில் உருட்டிவிட்டாள். பதினோரு வருஷத்தில் ஆமையார் ஒரு இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

குட்டைக்கு வந்தபோது வெயில் நேர் உச்சியில் நின்றது. கருப்பாயி சொன்ன சொல் தவறாதவள். அப்போதுதான் எழுந்து, சோம்பல் முறித்து, தண்ணீரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் சீப்பு. சீப்புக்கும் முன்னால் ஊசி. ஊசியின் மூக்கு தண்ணீரைத் தொட ஒரு விரற்கடை இருந்தது. அதற்கு எதிரே, அல்லி இலைகளுக்கு நடுவே, இரண்டு கண்களும் கொஞ்சம் மூக்கும் மிதந்தன. நாற்பது நாள் பட்டினி கிடந்த கண்கள்.

"ஊசீ!" என்று அஞ்சலை கத்தினாள். தூரம் அதிகம். முதலை வாயைத் திறந்தது.

திறந்த வாயைப் பார்த்து மயிலார் மூன்று அடி முன்னால் போனார். அவர் வாழ்க்கையில் முன்னால் போனது அதுவே முதல் தடவை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு போனதால், அவருக்கு வாயில் பாதிதான் தெரிந்தது.

"வணக்கம் சார். வாடிக்கையாளர் நீங்கதானே?"

வாய் திறந்தபடியே நின்றது. முதலையை இதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. யாருமே அதனிடம் ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்லி முடித்ததும் இல்லை.

"வாடிக்கை... என்ன ஆளரு?"

"உங்களை வெச்சு ஒரு விளம்பரம் செஞ்சிருக்காங்க சார். உங்க கருத்து வேணும்."

முதலை வாயை மூடியது. "என் கருத்தா?"

அந்த நேரத்துக்குள் அஞ்சலை ஓடிவந்து ஊசியை ஒரு காலாலும் சீப்பை ஒரு காலாலும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பலகையை முதலையின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். முதலை இடப்பக்கம் சாய்ந்து பார்த்தது. வலப்பக்கம் சாய்ந்து பார்த்தது.

"இது யாரு?"

"நீங்கதாங்க."

"என் பல்லு இவ்வளவு கோணலாவா இருக்கு?"

அஞ்சலை முதலையைப் பார்த்தாள். அதன் கண் பலகையை விட்டு நகரவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. கோணல் பல்லை யார் காட்டிக்கொண்டிருப்பார்கள்? அவளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. குட்டி அழும்போது கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்ப்பதுதானே?

"வரைஞ்சவ தப்புங்க. மாத்தித் தந்துடறேன். அசையாம மட்டும் இருங்க, அச்சு அசலா வரணும்ல."

முதுகிலிருந்து புது முள் ஒன்றைப் பிடுங்கினாள். முதலை தலையைக் கொஞ்சம் உயர்த்தி, வாயை மூடி, கம்பீரமாக நின்றது. அஞ்சலை முன்கையால் பல்லைத் திருத்திக்கொண்டே பின்னங்காலால் கருப்பாயிக்குச் சைகை காட்டினாள். கருப்பாயி எதிர்க் கரையில் இறங்கினாள். அவள் பின்னால் மான்கள், பன்றிகள், முயல்கள். நாற்பது நாளைக்குப் பிறகு காடே வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. முதலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப பரவால்ல" என்றது பலகையைப் பார்த்து. "மூக்குதான் கொஞ்சம் கூர்மையா இருந்தா..."

"நாளைக்குக் கொண்டாறேங்க" என்றாள் அஞ்சலை.

கையெழுத்து இன்னும் கிடைக்காததால் மறுநாளும் நடுவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். அன்றைக்குப் பாறை ஊற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. இனிமேல் குடிக்க வேண்டுமானால் இந்தக் குட்டைதான், வேறு இல்லை. முதலைக்கு ஒரு கருத்து இருக்கும் வரைக்கும்தான் காட்டுக்குத் தண்ணீர். அஞ்சலைக்கு அது புரிந்துவிட்டது. நல்லவேளை, கருத்து கிளப்புவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் மூன்று பேர் கூட இருந்தார்கள்.

"சார், விளம்பரத்துல இந்த வெற்றிடம் ரொம்ப முக்கியம்" என்பார் மயிலார்.

"ஏன் சும்மா விட்டிருக்கீங்க? அங்க என் வாலைப் போடலாமே" என்னும் முதலை.

மயிலாருக்குத் தலை சுற்றும். அதை அவர் விளக்கிச் சொல்ல ஒரு பொழுது ஆகும். அந்தப் பொழுதில் யானைக் கூட்டம் குளித்துவிட்டுப் போகும்.

"தலைகீழா மாட்டினா இன்னும் எடுப்பா இருக்கும்" என்பார் வவ்வாலார் கிளையிலிருந்து. அதற்கு இன்னொரு பொழுது.

ஆமையார் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். "உங்க விளம்பரம் யாருக்காக?"

"தண்ணி குடிக்க வர்றவங்களுக்காக."

"இதைப் பார்த்து அவங்க என்ன நினைக்கணும்?"

"நான் இங்க இல்லைன்னு நினைக்கணும்."

ஆமையார் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப இந்தப் பலகை உங்க நோக்கத்துக்கு நேர் எதிரா இருக்கே?"

"அதைத்தான் நாப்பது நாளா நான் தண்ணிக்குள்ளயே சொல்லிட்டிருக்கேன். கேக்க ஒருத்தர் இல்லை." முதலை பலகையை மூக்கால் தட்டிற்று. "எழுத்தை மாத்துங்க. 'முதலை இல்லை. வாங்க.' அப்படின்னு போடுங்க."

நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் கேட்கிறார். கேட்டால் மறுக்க முடியாது. "குறைஞ்ச வார்த்தை. அன்பான அழைப்பு" என்றார் மயிலார். "மாத்திடுங்கம்மா."

எதிர்க் கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்களெல்லாம் தலையைத் தூக்கின. அப்படி எழுதி நட்டுவிட்டால் பக்கத்துக் காட்டிலிருந்துகூட வந்து விழுவார்கள். அஞ்சலை முள்ளைச் செம்மண்ணில் தோய்த்தாள். தோய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்:

"மாத்திடலாங்க. அதுக்கென்ன. ஆனா 'இல்லை'ன்னு எழுதிட்டா உங்க படத்தை எடுத்துடணுங்களே? உங்க பேரையும் சின்னதாத்தான் போட முடியும். இல்லாதவருக்கு எதுக்குப் பெரிய எழுத்து?"

முதலை பலகையைப் பார்த்தது. புதுப் பல், புது மூக்கு, புது வால். நேற்றுதான் கண்ணில் ஒரு கனிவு சேர்த்திருந்தார்கள்.

கடைசியில் சொன்னது: "படம் இருக்கட்டும்."

"பேரு?"

"பேரு இன்னும் கொஞ்சம் பெருசா."

அஞ்சலை பேரைப் பெரிதாக்கினாள். எட்டாம் நாள் அதைவிடப் பெரிதாக்கினாள். ஒன்பதாம் நாள் முதலைக்குப் பசி தாங்கவில்லை. மயிலார் "சார், ஒரு சின்ன கருத்து" என்று ஆரம்பித்ததும் பாய்ந்து கவ்வியது. மயிலார் தப்பினார், தோகையில் பாதி போயிற்று. இறகு பல்லிடுக்கில் மாட்டி முதலை இரண்டு நாள் தும்மியது. அத்தோடு நடுவர்கள் வராமல் நின்றுவிடுவார்கள் என்று அஞ்சலை பயந்தாள். மறுநாள் காலை பாதித் தோகையோடு மயிலார் முதல் ஆளாக வந்து நின்றார்.

"வாடிக்கையாளர் உணர்ச்சிவசப்படறார். படைப்பு அவரை ஆழமாத் தொட்டிருக்கு" என்றார்.

தினமும் விடிந்தால் மூன்று பேரும் ஆஜர். முதலை ஒரு ஆமைக்குஞ்சுக்கு வாயைத் திறந்தால் போதும், "சார், உங்க தோல் பச்சைக்கும் தண்ணிப் பச்சைக்கும் வித்தியாசம் தெரியலை" என்று ஒரு குரல் வரும். தண்ணீருக்குள் மூழ்கினால், வவ்வாலார் மேலே தொங்கிக்கொண்டு காத்திருப்பார். தூங்கினால், எழுப்பிப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நீட்டுவார் ஆமையார். அதில் 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்களை எங்கே காண்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி இருந்தது. "இங்க இல்லை" என்று முதலை எழுதியது.

பதினேழு மாற்றங்கள் ஆயின. அஞ்சலையின் முதுகில் பதினேழு முள் குறைந்தது. முள் திரும்ப முளைக்கும். ஊசியும் சீப்பும் நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டன.

பதினெட்டாம் நாள் காலை, பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த அஞ்சலை பாதையிலேயே முதலையைப் பார்த்தாள். தரையில் வயிற்றை இழுத்து இழுத்து எதிரே வந்துகொண்டிருந்தது. பாதியாக இளைத்திருந்தது. குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளி, மிச்ச முள்ளையெல்லாம் விரித்து நின்றாள்.

"பயப்படாதம்மா. மெல்லறதுக்குக்கூடத் தெம்பில்லை."

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"ஆத்துக்கு. அங்க வலை இருக்கு, தூண்டில் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். மாட்டினா ஒரேயடியாப் போயிடுவேன். இப்படி யாரும் உக்கார வெச்சுப் பேச மாட்டாங்க."

"இன்னைக்கு வாலு நுனியை மாத்திக் கொண்டாந்திருக்கேன், பாக்கலையா?"

முதலை நின்றது. பலகையை ஒரு தரம் பார்த்தது. பெருமூச்சு விட்டது.

"உண்மையைச் சொல்லட்டுமா? நீ முதல்ல போட்டதே நல்லாத்தாம்மா இருந்துச்சு."

சொல்லிவிட்டு மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று.

நடுவர்கள் வந்து பார்த்தார்கள். வாடிக்கையாளரைக் காணோம். அஞ்சலை நடந்ததைச் சொன்னாள். மூன்று பேரும் குட்டைக்கரையில் கூடிப் பேசினார்கள். சாயங்காலம் மயிலார் தீர்ப்பைப் படித்தார்.

"இந்தப் பலகையில் 'முதலை இருக்கு' என்று எழுதியிருக்கிறது. குழு நேரில் பார்த்தபோது முதலை இல்லை. எனவே இது உண்மைக்கு மாறான விளம்பரம். ஒப்புதல் கையெழுத்தும் இல்லை. படைப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது."

குமரேசு பலகையில் ஒரு முத்திரையைக் குத்தி, அஞ்சலையிடம் கொடுத்தான். "இப்ப எடுத்துட்டுப் போகலாம்மா. தள்ளுபடி ஆனதுக்கு விலகல் படிவம் தேவையில்லை."

அந்த வருஷமும் பெரிய விருது ஆமையாருக்கே போயிற்று. ஓட்டெடுப்பின்போது அவர் வாசலைப் பார்த்து மூன்றாவது அடியில் இருந்தார்.

பலகையை அஞ்சலை குட்டைச் சரிவில் சாய்த்துப் போட்டாள். ஊசியும் சீப்பும் அதன் மேல் உட்கார்ந்து 'சொய்ங்' என்று தண்ணீருக்குள் சறுக்கும். அத்தனை தரம் திருத்திய படம் ஒரே வாரத்தில் தேய்ந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு முயல் மூச்சு வாங்க ஓடிவந்தது.

"அக்கா, எங்க காட்டுல ஒரு சிறுத்தை வந்து உக்காந்திருக்கு. வாரத்துக்கு ரெண்டு பேரைத் தூக்குது. ஏதோ ஒரு பலகை வெச்சு முதலையையே விரட்டிட்டீங்களாம். அந்தப் பலகையைத் தர முடியுமா?"

அஞ்சலை சறுக்குப் பலகையைப் பார்த்தாள். அதில் குட்டிகள் இரண்டும் யார் முதலில் என்று அடித்துக்கொண்டிருந்தன.

"பலகையைக் கொண்டுபோயி என்னடா பண்ணுவே? மலைக்குகையில மூணு பேரு சும்மாதான் இருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போ. சிறுத்தைக்கு ஒரு வணக்கம் சொல்லி, 'சார், உங்க புள்ளியைப் பத்தி ஒரு சின்ன கருத்து'ன்னு ஆரம்பிச்சு வெச்சுட்டு, நீ பாட்டுக்குப் புல்லு மேயப் போயிடு."

முயல் நன்றி சொல்லிவிட்டுக் குகையைப் பார்த்து ஓடிற்று. அஞ்சலைக்கு ஒன்று ஞாபகம் வந்து, கையைக் குவித்துக் கத்தினாள்:

"ஏய்! அந்தப் பெரியவரை மட்டும் உருட்டித்தான் கொண்டுபோகணும். நடக்க விட்டேன்னா, அதுக்குள்ள சிறுத்தை உங்க எல்லாரையும் முடிச்சுடும்!"

நீதி: 'ஆபத்து, போகாதே' என்று எழுதி வைத்தால் நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். ஆபத்தையே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே மூன்று நடுவர்களையும் உட்காரவைத்து, 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் சார்' என்று கேட்டால், அதுவாகவே ஊரைக் காலி செய்துவிடும்.